ஜெபமாலையும் பத்து விநாடியும்

"நைட் டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஹாஸ்டலில் எல்லோரும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். படபடப்பு அடங்கிவிடுகிறது. நிஜமா, மனப்பிரமையா?" ஒரு நர்ஸிங் மாணவி கேட்டிருக்கிறார்.

நிஜம்தான். துப்பு அவர் கையிலேயே இருக்கிறது. நோயாளியின் மூச்சை எண்ணும் நர்ஸ், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடி ஓரக்கண்ணால் மார்பைக் கவனிப்பார். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். தானாக ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். மூச்சின் விசேஷம் அது.

2001இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை, ஜெபமாலையில் திரும்பத் திரும்ப வரும் 'மரியே வாழ்க' ஜெபத்தை லத்தீனில் சொல்லவைத்தார்கள். கூடவே 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தையும். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6க்கு இறங்கியது.

ஏன் 6? கழுத்துத் தமனியின் சுவரில் அழுத்த உணரிகள் உண்டு. ரத்த அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், மூளைத்தண்டுக்குச் சேதி போகும், துடிப்பு குறையும், நாளங்கள் தளரும். ஆனால் நாளங்கள் தளரச் சில விநாடி பிடிக்கும். ஹீட்டர் குழாயைத் திருகியதும் சூடு வராததால் இன்னும் திருகிக் கையைச் சுட்டுக்கொள்கிறோமே, அதே கதை. அதனால் அழுத்தம் சுமார் பத்து விநாடிக்கொரு முறை மெல்ல ஏறி இறங்கியபடியே இருக்கிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கும் அதே பத்து விநாடி! ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல மூச்சு அந்த அலையோடு சேர்ந்துகொள்கிறது. உணரிகளின் கூர்மையும் கூடுகிறது. அந்த 23 பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இந்த ஒழுங்கு வரவில்லை. ஜெபமாலையில் ஒருவர் முற்பாதி சொல்ல மற்றவர்கள் பிற்பாதி சொல்வார்கள். மூச்சுக்கு அளந்து தைத்த சட்டை.

நம்பிக்கை (மத நம்பிக்கை அல்ல, 'ஹோப்'), நன்றியுணர்வு பற்றியும் அந்த மாணவி கேட்டிருந்தார். உளவியலாளர் ஸ்னைடர் நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார்: முடியும் என்ற முனைப்பு, வேறு வழி தேடும் திறமை. ஊசி போட ஒரு கையில் ரத்தநாளம் (வெயின்) கிடைக்காவிட்டால் அடுத்த கையைப் பார்ப்பது இரண்டாவது வகை. நன்றியுணர்வுக்கு, உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லத் தோன்றுபவற்றை வாரம் ஒருமுறை எழுதச் சொல்லிச் சோதித்தார்கள். எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை மேலாக மதிப்பிட்டார்கள்.

இதையெல்லாம் காட்டி, "பிள்ளைகளே, ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு டியூட்டி நேரத்தை நீட்டும் கல்லூரிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தூக்கத்துக்கு மந்திரம் ஈடாகாது.

சரி, தமிழில் சொன்னால் எத்தனை மூச்சு வரும்? இந்த ஆய்வுக்குப் பணமே வேண்டாம், ஒரு வாட்ச் போதும். அறைத்தோழி எண்ணட்டும். எப்போது எண்ணுகிறார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியக்கூடாது.