மொட்டமாடியில மலைப்பூண்டு ஏன் உருண்டு வரல?

போன வருசம் கொடைக்கானல் போயிட்டு வரும்போது பூம்பாறையில ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கிட்டு வந்தேன், அதுல நாலு பல்ல எடுத்து மதுரையில எங்க மொட்டமாடித் தொட்டியில ஊனி வச்சேன். தாள் பச்சப்பசேல்னு முழங்கை உசரம் வந்துச்சு. நாலு மாசம் கழிச்சுப் பிடுங்குனா அடியில லேசா ஒரு வீக்கம், அம்புட்டுதான். எங்க அத்தை பாத்துட்டு, "அது மலச்சாமிப்பா, கீழ எறங்காது"ன்னாங்க.

அத்தை சொன்னதுல பாதி சரி. ஆனா பூண்டுக்கு உசரம் அளக்கத் தெரியாது, குளிர மட்டுந்தான் தெரியும்.

மதுரையும் கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைதான், 10 டிகிரிய ஒட்டி. அதனால வருசம் பூரா ரெண்டு ஊர்லயும் பகலோட நீளம் ஒண்ணுதான். மாறுறது உசரம், இங்க 100 மீட்டர் சொச்சம், அங்க 2,100. காத்து மேல ஏற ஏற அழுத்தம் கொறஞ்சு விரியும், விரியிற காத்து குளுந்துபோகும், சைக்கிள் டியூப் வால்வ தொறந்து விட்டா விரல்ல சில்லுனு படுதுல்ல, அதே கததான். சராசரியா 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி கொறையும். சித்திரைத் திருவிழாவுல நாம 38 டிகிரியில நீர்மோர் தேடி அலையிறப்ப அங்க 20 டிகிரியில ஸ்வெட்டர் விக்கிறாங்க.

பூண்டோட பூர்வீகம் மத்திய ஆசியா. அங்க கடுங்குளிர் முடிஞ்சாதான் வசந்தம், அதனால ஊனுன பல்லுக்குள்ள இருக்குற குருத்து சில வாரம் குளிர வாங்கிக்கிட்ட பெறகுதான் இலையடி மொட்டுகள ஒவ்வொரு பல்லா மாத்த ஆரம்பிக்கும். குளிரே படலைன்னா தாளா வளந்துக்கிட்டே இருக்கும். அரகுறையா பட்டா உருண்டு வரும், ஆனா பல்லு பிரியாது. கடையில ஒத்தப்பல் பூண்டுனு தனி வெல சொல்றாங்களே, அதுல பலதும் இப்படி வந்ததுதான் (இத கடைக்காரர்ட்ட சொல்லாதீங்க, அடிக்க வருவாரு).

இன்னொண்ணு ராத்திரி. பகல்ல இல செஞ்ச சர்க்கரைய ராத்திரி செடி மூச்சு விட்டே செலவழிக்கும், வெக்க ராத்திரின்னா செலவு ஜாஸ்தி, மார்கழியில கொடைக்கானல் 10 டிகிரிக்குக் கீழ போறப்ப செலவு ரொம்பக் கம்மி, மிச்சம் பூரா கெழங்குக்குப் போயிரும்.

இதுல அழகு என்னன்னா, பூண்ட வெதபோட்டு வளக்கிறதில்ல, பல்லத்தான் ஊனுறோம், அப்ப மலை வயல்ல நிக்கிற செடியும் என் தொட்டிச் செடியும் ரெட்டப்பிள்ளைக மாதிரி, ஜீன் ஒண்ணுதான். பேதம்னு வந்தா எடத்தால வந்ததுதான், மண்ணுக்கும் அதுல கொஞ்சம் பங்கு இருக்கும்.

சரி, மலையில வெளஞ்சா மருந்து ஜாஸ்தியா? 2019-ல புவிசார் குறியீடு கெடச்ச பூண்டு, காரம் மணம் எல்லாம் தூக்கல்தான். ஆனா "உசரம் கூடக்கூட சத்து கூடும்"னு மொத்தமா சொல்லிர முடியாது. ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ருக் பக்கம் ஆர்னிகாங்கிற மூலிகைய 590 மீட்டர்ல இருந்து 2,230 மீட்டர் வரைக்கும் ஒன்பது எடத்துல வளத்துப் பாத்தாங்க. மேல போகப்போக சில ஃபீனாலிக் பொருள்க கூடுச்சு, ஆனா அந்தச் செடியோட முக்கிய மருந்துப் பொருளான லாக்டோன் அளவு உசரத்தோட சேந்து கூடல. மலையில புற ஊதாக் கதிர் அதிகம், அதுக்குக் கொட பிடிக்கத்தான் செடி ஃபீனாலிக் செய்யுதுனு மொதல்ல நெனச்சாங்க. அப்புறம் தட்பவெப்பத்தக் கட்டுப்படுத்துற அறைக்குள்ள வெப்பத்த மட்டும் கொறச்சு வளத்தா அப்பயும் கூடுது! மறுபடியும் குளிருதான்.

பூண்டுல இன்னொரு சூட்சுமம், காரமும் மணமும் தர்ற அல்லிசின் முழுப்பல்லுல இருக்காது. நசுக்குறப்பதான் பல்லுக்குள்ள தனித்தனியா இருக்குற அல்லின்ங்கிற பொருளும் அல்லினேஸ்ங்கிற நொதியும் கலந்து அது உண்டாகுது, சூடு பட்டா அந்த நொதி செத்துரும். நசுக்கி பத்து நிமிசம் வச்சிட்டு எண்ணெயில போடுங்க, மலைப்பூண்டோ நாட்டுப்பூண்டோ.

இந்தத் தடவ ஐப்பசியிலயே பல்லு கொஞ்சத்த ஃப்ரிட்ஜ்ல காய்கறி டிரேயில வச்சிருக்கேன், ஆறு வாரம் கழிச்சு கார்த்திகையில ஊனணும். கதவத் தொறந்தா தயிரு வரைக்கும் பூண்டு வாட. அத்தை வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏப்பா, சாமிய ஐஸ்பெட்டியில அடச்சிட்டியா?"ங்கிறாங்க.