குளவி ஒவ்வாமைக்கு ஊசியா? வேண்டாமே!

குளவி கொட்டி ரத்த அழுத்தம் இறங்கி, சுருண்டு விழுந்து, அவசரப் பிரிவு வரை போய் வந்தவர்தான். ஆனாலும் நச்சு இம்யூனோதெரப்பி, அதாவது குளவி நஞ்சையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை என்றதும் "வேண்டாம் டாக்டர்" என்கிறார். பயப்படுகிறார் என்று நாம் குறித்துக்கொள்கிறோம். பல பேருக்குப் பயத்தைவிட நாள் கணக்குதான் இடிக்கிறது.

முதல் மூன்று, நான்கு மாதம் வாரம் ஓர் ஊசி. பிறகு முதல் ஆண்டு முடிய நான்கு வாரத்துக்கொன்று, அப்புறம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கொன்று. இப்படி 3 முதல் 5 ஆண்டுகள். ஐந்தாண்டு என்றால் ஐம்பது தடவையாவது வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். புல்வெட்டும் வேலையில் நாள் சம்பளம் வாங்கும் தம்பிக்கு அடுத்த வருடம் வேலை பெர்மிட் புதுப்பிப்பார்களா என்பதே தெரியாது. புதரைக் கலைப்பவர் என்பதால் கொட்டு வாங்கும் ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம். ஒரே நாளில் சில ஊசிகள் போட்டு அளவை விரைவாக ஏற்றும் முறையும் உண்டு. அதில் தொடக்க வருகைகள் நன்றாகக் குறையும். இதை நாம் சொல்லாமல் விடுவதும் நடக்கிறது.

"அதே விஷத்தையா ஏற்றுவீங்க?" என்பது நியாயமான கேள்வி. மிகச் சிறிய அளவில் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை போகிறோம். ஏறத்தாழ இரண்டு தேனீக் கொட்டு. சிகிச்சையின்போதே ஒவ்வாமை வரலாம், தேனீ நஞ்சில் சற்று அதிகம். அதனால்தான் அந்த அரை மணி நேரம். பலன்? குளவிக்கு 90 விழுக்காட்டுக்கு மேல், தேனீக்கு ஏறத்தாழ 80. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: இங்கே சிங்கப்பூரில் பரவலாக உள்ளது, வயிற்றில் மஞ்சள் பட்டையுள்ள வெஸ்பா அஃபினிஸ் என்ற குளவி. மருந்தோ பெரும்பாலும் மேலைநாட்டுக் குளவிகளின் நஞ்சிலிருந்து வருகிறது. இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும், முழுதாக அல்ல.

கொட்டிய இடம் மட்டும் பெரிதாக வீங்கியவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டியதில்லை. ரத்தத்தில் டிரிப்டேஸ் (கடும் ஒவ்வாமை ஆபத்தைக் காட்டும் நொதி) கூடியவரிடம் மட்டும் விடாமல் பேசுங்கள்.

"எபிபென் இருக்கே" என்பவரிடம், அந்த அட்ரினலின் ஊசிப் பேனாவை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். லாரி டேஷ்போர்டு என்பார். வெயிலில் வெந்து மருந்து பழுப்பாகியிருக்கும், காலாவதியும் ஆகியிருக்கும். 25 டிகிரிக்குள், ஒளி படாமல் இருக்கவேண்டிய மருந்து அது. நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில், கால்சட்டைக்கு மேலேயே அழுத்தி மூன்று வினாடி வைக்க வேண்டும். உடனே ஆம்புலன்சுக்கு 995. படுத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் உட்காரலாம். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் இரண்டாவது பேனா. ஆகவே இரண்டு வேண்டும், உடன் வேலை செய்பவருக்கும் போடத் தெரிந்திருக்க வேண்டும்.