கண்டறியும் பிழையா, நோயறிதற்பிழையா?

மொழிபெயர்த்த மருத்துவக் கட்டுரைகளில் 'கண்டறியும் பிழைகள்' என்று ஒரு தொடர் ஓயாமல் வருகிறது. யார் கண்டறியும் பிழைகள்? தணிக்கைக்கு வந்த அதிகாரி கண்டறியும் பிழைகளா? டயக்னாஸ்டிக் எரர் என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். நோயைப் பிடிக்கத் தவறுவது, பிழையைப் பிடிப்பது என்று தலைகீழாகிவிட்டது.

டயக்னோசிஸ் கிரேக்கச் சொல். டியா என்றால் பிரித்து, க்னோசிஸ் என்றால் அறிதல். இந்த நோயா அந்த நோயா என்று பிரித்தறிவது.

முன்னால் 'நோய்' சேர்த்து 'நோய் கண்டறியும் பிழை' என்றால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகாது. நோய் கண்டறியும் கருவி என்றால் கருவி கண்டறிகிறது. நோய் கண்டறியும் பிழை என்றால்? பிழையே ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தவிர, கண்டறிதல் என்றாலே கண்டாயிற்று என்று பொருள். சர்க்கரை நோயாளிக்குப் பெரிதாக நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். அதை வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிய இடத்தில் எதைக் கண்டார்கள், எதை அறிந்தார்கள்?

நாளிதழ்களுக்கு எல்லாமே 'தவறான சிகிச்சை'. நோயைச் சரியாக அறிந்து மருந்தின் அளவைத் தவறவிடுவதும் தவறான சிகிச்சைதான். அது வேறு கணக்கு.

'தவறான நோயறிதல்' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ அகாதெமி 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நோயாளியின் சிக்கலுக்குச் சரியான விளக்கத்தை உரிய நேரத்தில் எட்டாததும் பிழை, எட்டியதை அவரிடம் சொல்லாமல் விடுவதும் பிழை. திசுப் பரிசோதனை முடிவு புற்றுநோய் என்று சரியாகவே வந்து, கோப்பிலேயே கிடந்தால்? அறிதலில் தவறில்லை, ஆனாலும் பிழை நடந்துவிட்டது. இதைக் குறைக்க வேண்டுமென்றால், மருத்துவர் 'வேறு என்னவாக இருக்கலாம்' என்று இன்னொரு முறை யோசித்தால் மட்டும் போதாது. முடிவு நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் ஒருவர் பார்க்க வேண்டும். உலகெங்கும் சிகிச்சையில் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகளில் சுமார் 16 விழுக்காடு இந்த வகைப் பிழைகளால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024ஆம் ஆண்டு நோயாளி பாதுகாப்பு நாளுக்கு இதையே கருப்பொருளாகவும் வைத்தது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஓட்டைச் சொல் போதுமா?

அப்புறம், தூய தமிழ் அன்பர்கள். சித்த மருத்துவத்தில் பிணியறி முறைமை இருக்கிறதே, அதே வழியில் 'நோயறிபிழை' என்று சுருக்கலாமே என்பார்கள். அழகுதான். ஆனால் பிணியை அறியும் முறைமை உண்டு, நோயை அறியும் பிழை கிடையாது. வினைத்தொகையிலும் அதே பள்ளம்.

என் ஓட்டு நோயறிதற்பிழைக்கு. அறிதலில் நேரும் பிழை. புணர்ச்சி உறுத்தினால் 'நோயறிதல் பிழை' என்று பிரித்தே எழுதுங்கள், பொருள் கெடாது. "டயக்னோஸ் பண்றதுல தப்பாயிடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறோம். அந்த 'ல' மட்டும் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறதோ!