முத்தவல்லி: சொல்லும் பொறுப்பும்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பள்ளிவாசல் சந்தா ரசீதை எடுத்துப் பார்த்தால் 'முத்தவல்லி' என்ற சொல் கண்ணில் படும். பள்ளிவாசல் சொத்தை நிர்வகிப்பவரை அப்படி அழைக்கிறார்கள். முத்துக் குளித்த கடற்கரை ஆயிற்றே, முதன்முதலாகக் கேட்பவருக்கு முத்தும் வல்லியும் சேர்ந்த பெண்பெயர் போலத் தோன்றும். முத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரபியில் இது 'முதவல்லி'. ஒரு காரியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் என்று பொருள். இரண்டு உயிரோசைக்கு நடுவே தனியாக வரும் தகரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். அதை இரட்டித்து எழுதினால்தான் அரபியின் வல்லோசை கிடைக்கிறது.

வாவ், லாம், யா என்ற மூன்று எழுத்துகளே வேர். நெருங்கியிருத்தல், பொறுப்பேற்றல் என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. இதே வேரில் கிளைத்த சொற்கள் நம் ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே புழங்குகின்றன. ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள் சொல்லும் 'அவுலியா', 'வலி' என்பதன் பன்மை, இறைவனுக்கு நெருக்கமானவர்கள். நிக்காஹ்வில் பெண்ணின் சார்பில் பேசுகிறவரும் 'வலி'தான். பெண்ணைப் பெற்றவரே ஆனாலும் அந்தச் சபையில் அவர் பேசுவது தனக்காக அல்ல. முத்தவல்லியின் நிலையும் அதுதான்.

அவர் கையில் இருப்பது வக்பு சொத்து. 'வக்பு' என்றால் நிறுத்திவைத்தல். அறப்பணிக்கென்று, விற்பனை, தானம், வாரிசுரிமை எதிலும் போகாமல் நிறுத்தப்பட்ட தென்னந்தோப்பும் கடைவரிசையும் அதில் அடங்கும். 1995ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின்படி தனி ஆள் மட்டுமல்ல, சொத்தை நிர்வகிக்கும் குழுவும் முத்தவல்லிதான். இது பலருக்குத் தெரியாது. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்குத் தலைவரை மட்டும் கைகாட்டிவிட்டு மற்றவர்கள் நழுவ முடியாது. ஆண்டுக் கணக்கை வக்பு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஏடுகளைக் காட்ட வேண்டும், வரி பாக்கி வைக்கக் கூடாது. தவறினால் 64ஆம் பிரிவின் கீழ் வாரியம் நீக்கலாம். நிகர வருமானத்தில் 7 விழுக்காடு வரை வாரியத்துக்குச் செலுத்த வேண்டியிருந்த பங்கு, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5 ஆகக் குறைந்தது.

சட்டம் சொல்லாததை ஜமாஅத்து, அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்மக்கள், பார்க்கும். மார்க்க அறிஞரான ஆலிம்சாவுக்கும் பாங்கு சொல்லும் மோதினாருக்கும் சம்பளம் தேதி தவறாமல் போகிறதா? பள்ளிவாசல் கடை மச்சானுக்குப் பாதி வாடகையில் போனதா, ஏலம் கூறி விட்டார்களா? துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சந்தா அனுப்புகிறவருக்குக் கணக்குத் தாள் போய்ச் சேர்கிறதா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வரவு செலவை எழுந்து வாசிக்கிற நிர்வாகத்தின் மேல் வதந்தி அதிக நாள் நிற்காது. மினாரா கட்டிப் பெயர் வாங்குவதைவிட இது கடினம் என்பது என் எண்ணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தலைவர்' பொருந்தாது, அது இருக்கையைக் குறிக்கிறது, கடமையை அல்ல. 'நிர்வாகி' வடசொல், பொருளும் தட்டையானது. 'அறங்காவலர்' நல்ல சொல்தான். ஆனால் கோயில் நிர்வாகத்தோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ராமேசுவரம் பக்கம் அதைக் கேட்டால் இந்து சமய அறநிலையத் துறைதான் நினைவுக்கு வரும். நான் தேர்ந்தெடுப்பது 'பொறுப்பாளர்'. பொறு என்றால் சுமத்தல், பொறுத்துக்கொள்ளுதல். ஜமாஅத்துக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு இந்த இரண்டாவது பொருளை விளக்க வேண்டியதில்லை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழிலேயே சொல்லிப் பழகிய சமூகத்துக்கு இது அந்நியமாகவும் இராது.

பத்திரம், வாரியக் கடிதம், நீதிமன்ற மனு ஆகியவற்றில் 'முத்தவல்லி' என்றே எழுதுங்கள். அது சட்டச் சொல். ஊர் அறிவிப்பிலும் திருமண அழைப்பிலும் 'பள்ளிவாசல் பொறுப்பாளர்' போதும். குழுவாக இருந்தால் 'பொறுப்பாளர்கள்' என்று பன்மையில் எழுதி, எல்லார் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.