புற்றுநோய் மருந்தாய்வில் சேரச் சொன்னால்: கையெழுத்துக்கு முன் அறிய வேண்டிய விதிகள்

புற்றுநோய் வார்டில் ‘பரிசோதனை’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. ரத்தம் எடுப்பது பரிசோதனை, ஸ்கேன் எடுப்பது பரிசோதனை, சதை எடுத்துப் பார்ப்பதும் பரிசோதனை. அதனால் “ஒரு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, அதில் உங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று மருத்துவர் கேட்கும்போது, இன்னொரு டெஸ்ட் எழுதித் தருகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை ஒன்றின் நெறிமுறைக் குழுவில் (ஆய்வுத் திட்டம் நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு), மருத்துவம் படிக்காத உறுப்பினராகச் சில காலம் இருந்தபோது இந்தக் குழப்பத்தைப் பலமுறை பார்த்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் கிளினிக்கல் டிரையல் என்பதை ‘மருந்தாய்வு’ என்றே எழுதுகிறேன். அதில் சேர அழைக்கப்படும் நோயாளிக்கு இந்தியச் சட்டம் என்னென்ன உரிமைகளைத் தந்திருக்கிறது என்பதை விளக்குவதே நோக்கம்.

மருந்தாய்வு என்பது, ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ பலன் தருமா, தீங்கில்லாததா என்பதை மனிதர்களிடத்தில், முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி சோதித்து அறிவது. முதல் கட்டத்தில், எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று சிலரிடம் பார்க்கிறார்கள். மற்ற நோய்களுக்கு இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களைச் சேர்ப்பார்கள். புற்றுநோய் மருந்துகள் பல நல்ல செல்களையும் தாக்கக்கூடியவை என்பதால் இங்கே முதல் கட்டத்திலேயே நோயாளிகள்தான் சேர்க்கப்படுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும் மறு பிரிவுக்குப் புதிய சிகிச்சையும் கொடுத்து ஒப்பிடுவார்கள். நான்காவது கட்டம், மருந்து விற்பனைக்கு வந்த பின் நடக்கும் கண்காணிப்பு. உங்களை அழைக்கும் ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஏனெனில் முதல் கட்ட ஆய்வு ஒன்றில் சேருகிறவர் தனக்குக் குணம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு மிகக் குறைந்த ஆதாரமே இருக்கும்.

மருந்தாய்வு என்றாலே வெளிநாட்டுக் கம்பெனியின் விலையுயர்ந்த மருந்து என்று எண்ண வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் 11 மையங்களில் நடந்த ஆய்வொன்றில் 1,583 மார்பகப் புற்றுநோயாளிகள் சேர்ந்தார்கள். அதில் சோதிக்கப்பட்டது, பல் பிடுங்கும் முன் ஈறில் போடுகிறார்களே, அதே மரத்துப்போகச் செய்யும் மருந்துதான். அறுவைச் சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் முன்பு அதைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தினார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, ஊசி போடப்பட்ட பிரிவில் ஐந்தாண்டுக்குப் பின் 90.1 சதவீதத்தினரும், போடப்படாத பிரிவில் 86.4 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தார்கள். அதே மருத்துவமனை, தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களிடம் நிவோலுமாப் என்னும் மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், வாய்வழி மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தனர். முழு அளவு மருந்தை வாங்க வழியில்லாத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை, புற்றுநோய்க்காக நகையை அடகு வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய விடைகள் கிடைத்தது, யாரோ சிலர் சம்மதித்துக் கையெழுத்திட்டதால்தான். அந்தக் கையெழுத்து அறிந்து இட்டதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே விதிகள் வந்தன.

இப்போது நடைமுறையில் இருப்பது, 2019 மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள். சம்மதம் சரியாகப் பெறப்படாத ஆய்வுகள் குறித்த புகார்கள் நாடாளுமன்றக் குழுவரை சென்று, உச்ச நீதிமன்றத்திலும் பொதுநல வழக்கு நடந்து, 2013-இல் இழப்பீடு குறித்த திருத்தங்கள் வந்த பிறகு, எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து இந்த விதிகள் எழுதப்பட்டன. இவற்றின்படி, புதிய மருந்து எதையும் மனிதரிடம் சோதிக்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வு பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்கவும் வேண்டும்.

சி.டி.ஆர்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பதிவேட்டை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமானது; 2018 ஏப்ரல் முதல், ஆய்வு தொடங்கிய பிறகு வந்து பதிவதை ஏற்பதில்லை. இணையத்தில் எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பது குறைதான், என்றாலும் படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் வேண்டியதைக் கண்டுகொள்ளலாம். ‘நாட் எட் ரெக்ரூட்டிங்’ என்றிருந்தால் ஆய்வு இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று பொருள். ‘ஓபன் டு ரெக்ரூட்மென்ட்’ என்றிருந்தால் இப்போது நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தெந்த ஊரில் எந்த மருத்துவமனையில் நடக்கிறது, பணம் போடுவது யார், எந்த நிலையில் இருப்பவரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, பொதுமக்கள் விளக்கம் கேட்க யாரை அழைப்பது என எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். உங்களிடம் ஆய்வைப் பற்றிப் பேசுகிறவரிடம் அதன் பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பொறுப்பான மருத்துவர் அதை மகிழ்ந்தே தருவார். வரப்போகும் ஆய்வொன்றைப் பதிவேட்டில் கண்டதும் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது மட்டும் ஆபத்து. ஏற்கெனவே எடுத்த சிகிச்சை, கட்டியின் வகை, சிறுநீரகம் வேலை செய்யும் அளவு என்று தகுதிக்கு நிபந்தனைகள் பல இருக்கும். உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாளாகவே இருக்க வேண்டும். ஒரு சட்டம் அறிந்தவர், ஒரு பெண், மருத்துவத் துறை சாராத ஒரு சாதாரணக் குடிமகன் ஆகியோர் கட்டாயம். அந்தச் சாதாரணக் குடிமகனின் வேலை, நோயாளிக்குத் தரப்படும் தகவல் தாளை நோயாளியின் கண்ணோடு படிப்பதுதான்.

அப்படி நான் படித்த தாள் ஒன்றில், ‘உங்களுக்குப் போலி மருந்து வழங்கப்படலாம்’ என்று அச்சாகியிருந்தது. பிளாசிபோ என்பதற்கு யாரோ அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். தமிழில் போலி மருந்து என்றால் கள்ளத்தனமாகத் தயாரித்து விற்கும் மருந்து. அதைப் படிக்கும் எந்தத் தாயும் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். ‘பார்க்க மருந்து போலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்துச் சத்து இல்லாத மாத்திரை’ என்று மாற்றச் சொன்னோம். அடுத்த பத்தியில் ‘சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்றிருந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, எந்தப் பிரிவில் சேர்வீர்கள் என்பதைக் கணினி தீர்மானிக்கும், மருத்துவர் தீர்மானிப்பதில்லை என்று எழுதினால் எவருக்கும் புரியும். புற்றுநோய் ஆய்வுகளில் வெற்று மாத்திரையை மட்டும் கொடுத்து ஒருவரை விட்டுவிடுவது அரிது. வழக்கமான சிகிச்சை இரு பிரிவுக்கும் இருக்கும், அதற்கு மேல் கூடுதலாகத் தருவது மட்டுமே மருந்தா வெற்று மாத்திரையா என்று வேறுபடும். உங்கள் ஆய்வில் அப்படித்தானா என்பதைத் தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தத் தகவல் தாளும் சம்மதப் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வின் நோக்கம், எவ்வளவு காலம், எத்தனை முறை வர வேண்டும், என்னென்ன பக்கவிளைவு வரலாம், வேறு என்ன சிகிச்சை இருக்கிறது, மருந்து பலன் தராமலும் போகலாம் என்ற வெளிப்படையான எச்சரிக்கை, இவை அத்தனையும் அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருக்க, வாய்மொழியாக விளக்க வேண்டும். ரேகை வைக்கும் நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது விதிக்குப் புறம்பானது. இதுவரை எங்கும் பயன்பாட்டுக்கு வராத புத்தம்புதிய மூலக்கூறு என்றால், எளிதில் வற்புறுத்தலுக்கு உள்ளாகக்கூடிய நிலையில் இருப்பவரிடம் சம்மதம் பெறுவதை ஒலியும் காட்சியுமாகப் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திட்ட பின் ஒரு பிரதியை உங்களிடம் தர வேண்டும். அன்றைக்கே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய், நாலு பேரிடம் காட்டிப் பேசிவிட்டு வரலாம்.

செலவைப் பொறுத்தவரை, சோதிக்கப்படும் மருந்து பொதுவாக இலவசம். ஆனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வழக்கமான கீமோதெரபி, போக்குவரத்து இவற்றில் எது யார் தலையில் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். “எல்லாம் ஃப்ரீதான்” என்ற வாய்ச்சொல்லோடு நிற்காமல் தாளில் எழுதியிருப்பதைக் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சம்மதம் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சேர மறுத்ததற்காகவோ விலகியதற்காகவோ அந்த மருத்துவமனையில் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. இவ்வளவு நாள் நம்மைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கமே பலரைத் தடுக்கிறது. அந்த நன்றியுணர்வு நல்லது. ஆனால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. விலக முடிவு செய்தால் சொல்லிவிட்டு விலகுவது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது, ஏனெனில் சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் கண்காணிப்பு தேவைப்படும்.

ஆய்வில் இருக்கும்போது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை உண்டு. தேவைப்படும் காலம் வரை, அல்லது தீங்குக்கு ஆய்வு காரணமல்ல என்று நிறுவப்படும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை அது தொடர வேண்டும். கடுமையான பாதிப்பு எதுவானாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் விரிவான ஆய்வறிக்கை தர வேண்டும். இழப்பீடு தருமாறு உத்தரவு வந்தால் நிறுவனம் 30 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்த வேண்டும்.

மரணம் ஆய்வினால் நேர்ந்தது என்று முடிவானால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாயை வயதுக்கான எண்ணாலும் நோய்நிலைக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37 ஆல் வகுக்க வேண்டும். 50 வயதுக்கான எண் 153.09, 65 வயதுக்கும் அதற்கு மேலும் 99.37. ஆறு முதல் 24 மாதம் வரை வாழ்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட நோயாளிக்கு நோய்நிலை எண் 1. ஆகவே அப்படிப்பட்ட 50 வயதுக்காரரின் குடும்பத்துக்குச் சுமார் 12 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய் வரும். ஆறு மாதத்துக்கு மேல் வாழ மாட்டார் என்று கருதப்பட்டவருக்கு அந்த எண் 0.5, அதாவது தொகை பாதியாகிவிடும். ஆரோக்கியமானவருக்கோ 4. முற்றிய நிலையிலும் பிறருக்காக முன்வந்த ஒருவரின் குடும்பத்துக்குப் பாதிதான் என்ற இந்தக் கணக்கு எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் விதி இதுதான், தெரிந்துகொண்டு சேருவதே நல்லது. நோயின் போக்கிலேயே நேர்ந்த மரணத்துக்கு இழப்பீடு கிடையாது என்பதையும் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்லாமல், திட்டத்தை மீறியது, அலட்சியம், தரப்பட்டிருக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டது, கருவிலிருக்கும் குழந்தைக்கு நேர்ந்த பாதிப்பு ஆகியவையும் இழப்பீட்டுக்குரிய காரணங்களே.

ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த மருந்து உங்களுக்குப் பலன் தந்து, உங்கள் நோய்க்கு வேறு மாற்றுச் சிகிச்சை இல்லை என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஏற்றால், நிறுவனம் அதைத் தொடர்ந்து இலவசமாகத் தர வேண்டும் என்கிறது விதி. அதற்கு நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஏற்படும் விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றும் எழுதித்தர வேண்டியிருக்கும். மருத்துவமனைகள் தாமே ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளை வைத்து, வணிக நோக்கமின்றி நடத்தும் கல்விசார் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முக்கியமானது. இழப்பீட்டுக்கு அங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் பொருந்தும். நீங்கள் சேரும் ஆய்வு எந்த வகை என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதப் படிவத்தில் உங்கள் தொழில், ஆண்டு வருமானம் இவற்றுக்கான இடத்தோடு, நியமனதாரர் பெயர், முகவரி, உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கும். வங்கிப் படிவத்தில் இருப்பதைப் போல எண்ணி அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மரணத்தைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று சிலர் வேண்டுமென்றே விடுகிறார்கள். இழப்பீடு யாரிடம் சேர வேண்டும் என்பதற்காகவே அந்தக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி, பிரதியை வாங்கி, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி ஸ்கேன் ஃபைலிலேயே வைத்து, அது எங்கே இருக்கிறது என்று நியமனதாரரிடமும் சொல்லிவிடுங்கள்.