ராஜினாமாக் கடிதம் கொடுக்க முதல் எண்ணிப் பார்க்க வேண்டிய மூன்று பணம்

வாடைக்காற்று எடுக்கத் தொடங்கினால் திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் ஆட்கள் வேலை மாறுகிற காலம். சீசன் முடிந்திருக்கும், அறைகள் காலியாகக் கிடக்கும். டவுனில் ஒரு கடையிலோ சீனக்குடாப் பக்கம் ஒரு ஆலையிலோ இடம் இருக்கிறதாம் என்று யாராவது காதில் போடுவார்கள். அடுத்த நாளே ராஜினாமாக் கடிதம் எழுதியாகிவிடும்.

என் மச்சானும் அப்படித்தான் ஒரு ஒக்டோபர் மாத இரவு, சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் பிழை இருக்கிறதா பார் என்றார். நான் கேட்டது வேறு: "மச்சான், நீ அங்கே சேர்ந்தது எப்ப?" டிசம்பர் மாதம் என்றார். கணக்குப் போட்டால் நான்கு வருடமும் பத்து மாதமும். அந்த ஹோட்டலில் முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து வருடம் முடிந்து, அவருக்குப் பணிக்கொடை, அதாவது விலகும்போது முதலாளி தர வேண்டிய பணம், உண்டு. அன்று கொடுத்திருந்தால் ஒரு சதமும் இல்லை.

இலங்கையில் நாம் வேலையை விடும்போது சட்டப்படி மூன்று பணம் பற்றி யோசிக்க வேண்டும்: பணிக்கொடை, ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி, ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மூன்றுக்கும் சட்டம் வேறு, பணம் வரும் இடமும் வேறு.

முதலில் பணிக்கொடை. கிராட்டுவிட்டி என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இது. இந்தப் பணம் எந்த நிதியிலும் சேர்ந்து கிடப்பதில்லை, முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டியது. நீங்கள் விலகுவதற்கு முந்தைய 12 மாதத்தில் அந்த இடத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் அங்கே 5 வருடம் தொடர்ச்சியாக வேலை செய்து முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் நிறுத்தினாலும் சரி, நீங்களாக விலகினாலும் சரி, கிடைக்கும். "நீயாகத்தானே போகிறாய், உனக்கு எதற்குப் பணிக்கொடை?" என்று கேட்கிற முகாமையாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தியது போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டால்தான், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு இழக்க நேரும்.

மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. கணக்குப் போடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. "முடித்த வருடம்" என்பதைக் கவனியுங்கள்: ஆறு வருடமும் எட்டு மாதமும் வேலை செய்தவருக்கு ஆறு வருடம்தான் கணக்கு, எட்டு மாதம் போனது போனதுதான். விலகி 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகச் சேர்த்துத் தர வேண்டும்.

சீசனுக்கு மட்டும் எடுத்து, பிறகு நிறுத்தி, அடுத்த ஏப்ரலில் புதுக் கடிதம் கொடுக்கிற இடங்கள் எங்கள் கடற்கரையில் உண்டு. அப்படி ஐந்தாறு வருடம் போனவர்கள் "தொடர்ச்சி இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம். கையிலுள்ள எல்லாக் கடிதங்களையும் தொழில் அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். இடைவெளி என்று எதைச் சொல்லலாம் என்பதை முதலாளி தனியாகத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது ஈபிஎஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் முதலாளிக்கு 5 முதல் 50 வீதம் வரை தண்டப் பணம். பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி, சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிற கடைக்காரரும் கட்டத்தான் வேண்டும். தற்காலிகம், பயிற்சிக் காலம், நாட்கூலி என்ற பேச்சு இங்கே எடுபடாது, முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு.

மச்சானின் சம்பளச் சிட்டையை வாங்கிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய், வாழ்க்கைச் செலவுப்படி 10,000, உணவுப் பணம் 8,000. ஈபிஎஃப் என்று வெட்டியிருந்தது 2,400. அதாவது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் 8 வீதம். ஆனால் சட்டத்தில் "சம்பாத்தியம்" என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல. வாழ்க்கைச் செலவுப்படி, உணவுப் பணம், லீவுக்கான சம்பளம், கமிஷன் எல்லாம் அதற்குள் வரும். ஓவர்டைம் வராது. அப்படியானால் 48,000க்குப் பார்க்க வேண்டும்: அவர் பங்கு 3,840, முதலாளி பங்கு 5,760, மொத்தம் 9,600. அவர்கள் கட்டியது 6,000. மாதம் 3,600 ரூபாய் குறைவு, அதிலும் 2,160 முதலாளி பொக்கட்டிலிருந்து வர வேண்டியது. கிட்டத்தட்ட ஐந்து வருடமாக ஒவ்வொரு மாதமும் அந்தச் சிட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! நானும் என் சிட்டையை அப்படி உற்றுப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பணிக்கொடைக்கு இந்த 48,000ஐ எடுக்க முடியாது. அந்தச் சட்டத்தில் அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப்படியும்தான் பிரதானம், உணவுப் பணம் சேராது. ஆக 40,000, அதில் பாதி 20,000, ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சம். இரண்டு மாதம் பொறுத்ததற்கு ஒரு லட்சம். புது இடத்து முதலாளி நல்ல மனுஷன், டிசம்பர் வரை இடத்தை வைத்திருந்தார்.

சரி, வேலை மாறினால் ஈபிஎஃப் பணத்தை எடுக்கலாமா? முடியாது. பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது வந்து வேலையை விட்டால் எடுக்கலாம். 2021இல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கினாலும் இந்த வயதுகள் மாறவில்லை. அதற்கு முன்பு எடுப்பதென்றால் நிரந்தர இயலாமை, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுதல், ஓய்வூதியத்துடன் கூடிய நிரந்தர அரச நியமனம் போன்ற காரணங்கள் வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் கட்டாருக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர்கள் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போவது குடியேறுவது அல்ல, அதற்கு ஈபிஎஃப் கிடைக்காது. தனியார் கம்பனியில் இருந்துவிட்டு ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போகிறவர்கள், அது ஓய்வூதியம் உள்ள நிரந்தர நியமனமா என்று கடிதத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

10 வருடம் ஈபிஎஃப் கட்டி, கணக்கில் 3 லட்சமாவது இருந்தால், வேலையில் இருக்கும்போதே 30 வீதம் எடுக்கலாம், வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ மட்டும், கூடியது 20 லட்சம். புதுத் தொழில் தொடங்க அது உதவாது.

மூன்றாவது ஈடிஎஃப், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவது, உங்கள் சம்பளத்தில் ஒன்றும் வெட்டக்கூடாது. எந்த வயதிலும் வேலையை விட்டால் எடுக்கலாம், கட்டாருக்குப் போகிறவரும் எடுக்கலாம். ஒரே நிபந்தனை: ஒருமுறை எடுத்தால் அடுத்த முறை எடுக்க 5 வருடம் போக வேண்டும். அதனால் இரண்டு வருடம் வேலை செய்த இடத்தின் சின்னத் தொகைக்காக அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்பது என் எண்ணம். தொடர்ந்து பணம் கட்டப்பட்டு வரும் உறுப்பினருக்கு இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை, பிள்ளையின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் போன்ற உதவிகளும் இதில் உண்டு. சம்பள வேலையை விட்டுச் சொந்தமாக ஓட்டோ, தையல் என்று இறங்குகிறவர்கள் தாங்களாகவே கட்டி உறுப்பினராக இருக்கலாம்.

குறைத்துக் கட்டியிருக்கிறார்கள், கட்டவே இல்லை, பணிக்கொடை தரவில்லை என்றால் போக வேண்டிய இடம் திருகோணமலைத் தொழில் அலுவலகம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், விலகல் கடிதத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி போதும். சிட்டை இல்லாதவர் சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகத்தைக் கொண்டு போகலாம். முதலாளி அசையாவிட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அறவிட முடியும். நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்பது வேறு வழக்கு. அதற்குத் தொழில் நியாய சபை இருக்கிறது, ஆனால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் சும்மா ஓடிவிடும்.

அப்புறம் பெயர். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் பெரிய தலையிடி. அடையாள அட்டையில் அப்பா பெயர் முதலில், கம்பனிப் பதிவில் கடைசியில். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு இடத்தில் ஒரு எழுத்து கூட, இன்னொரு இடத்தில் குறைவு. ஒவ்வொரு முதலாளியிடமும் உங்களுக்குப் புது ஈபிஎஃப் இலக்கம் விழும், அந்தக் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது உங்கள் அடையாள அட்டை இலக்கம்தான். பழைய ஒன்பது இலக்க அட்டையில் ஓரிடத்திலும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் இன்னோரிடத்திலும் பதிந்திருந்தால் இரண்டையும் சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மத்திய வங்கியின் கணக்குக் கூற்றை வாங்கிப் பெயரையும் இலக்கத்தையும் பாருங்கள். பின்னுரித்தாளராக, அதாவது நீங்கள் இறந்தால் பணத்தைப் பெறுகிறவராக, கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்திருப்பீர்கள், அதையும் பாருங்கள். இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே திருத்துவது லேசு. ஹோட்டல் கைமாறி, பழைய கணக்காளர் எங்கேயென்று தெரியாமல் போன பிறகு ஒரு கையெழுத்துக்காக அலைவது பெரும்பாடு.

மச்சான் டிசம்பரில் விலகினார். சேவைக் கடிதத்தையும் கையோடு கேட்டு வாங்கினார். பணிக்கொடை 27ஆம் நாள் வங்கியில் விழுந்தது. குறைத்துக் கட்டிய ஈபிஎஃப் பற்றிய முறைப்பாடு தொழில் அலுவலகத்தில் கிடக்கிறது, விசாரணைக்குத் திகதி போட்டிருக்கிறார்கள்.