விஸ்டா எல்லோருக்கும் இலவசம், உங்கள் ஃபைல்தான் கிடைப்பதில்லை

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, அதாவது வி.ஏ., தன் மருத்துவமனைகளில் நோயாளிகளின் பதிவுகளை வைத்துக்கொள்ளத் தானே எழுதிய மென்பொருள் விஸ்டா. அரசுப் பணத்தில் உருவானது என்பதால் தகவல் உரிமைச் சட்டப்படி அதன் நிரலை யாரும் வாங்கிக்கொள்ளலாம். ஜோர்டான் அதை வைத்துத்தான் தன் அரசு மருத்துவமனைகளில் ‘ஹக்கீம்’ என்ற மருத்துவப் பதிவுத் திட்டத்தை நடத்துகிறது. நிரலுக்கு இவ்வளவு தாராளம்! உள்ளே கிடக்கும் சொந்தப் பதிவுக்குத்தான் அலைச்சல்.

குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரை மொழித் திறனுக்காகச் சேர்த்த மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவம் ஆளெடுத்த மொழிகளில் தமிழும் உண்டு. அப்படிச் சேர்ந்து, அடிபட்டு, இப்போது இழப்பீடு கேட்க நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவப் பதிவின் நகல் உங்கள் உரிமை. யாரும் தயவு செய்து தருவதல்ல.

வி.ஏ. இணையதளத்தில் ப்ளூ பட்டன் அறிக்கையை, அதாவது உங்கள் வி.ஏ. மருத்துவப் பதிவின் தொகுப்பை, இறக்கிவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பணியில் இருந்தபோது ராணுவ மருத்துவர் எழுதியது வேறு ஃபைல். அதைத் தேடி எல்லோரும் முதலில் எழுதிப்போடுவது படைவீரர்களின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் அரசுக் காப்பகத்துக்கு. வீண் வேலை. தரைப்படையில் 1992 அக்டோபர் 16 முதல் வெளியே வந்தவர்களின் மருத்துவப் பதிவு அங்கே போவதே இல்லை. வி.ஏ.விடம் 20-10206 ஃபாரத்தில் கேளுங்கள்.

படுக்கையில் சேர்ந்து எடுத்த சிகிச்சையின் தாள்கள் அந்த ஃபைலிலும் இருக்காது. எந்த மருத்துவமனை, எந்த வருடம் என்று எழுதித் தனியாகக் கேட்க வேண்டும். முகாமுக்கு வெளியே தனியார் டாக்டரிடம் அனுப்பினார்களா? அந்த ரிப்போர்ட்டை நீங்களே போய் வாங்கிவிடுவது நல்லது. வி.ஏ. வாங்கித் தரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வி.ஏ.வில் பார்த்த வைத்தியத்தின் நகலுக்கு உரிய ஃபாரம் 10-5345ஏ. கடைசியில் ‘ஏ’ இல்லாதது, பதிவை வேறு ஒருவருக்கு அனுப்பச் சொல்வதற்கு. ஒரு மருத்துவமனை கவுன்டரில் ‘ஏ’ இல்லாததைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர் மூன்று தடவை போய் வந்தார். ஓர் எழுத்துக்காக மூன்று நாள் லீவு. எதைக் கொடுத்தாலும் தேதி போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

பதிவெல்லாம் சேரட்டும் என்று க்ளெய்மைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். முதலில், க்ளெய்ம் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் 21-0966 ஃபாரத்தைக் கொடுங்கள். ஒரு வருடம் அவகாசம் கிடைக்கும். அதற்குள் விண்ணப்பித்து ஜெயித்தால் பணம் பெரும்பாலும் அந்த ஃபாரம் கொடுத்த தேதியிலிருந்தே கணக்காகும். இன்னும் சீருடையில் இருப்பவர், வெளியே வரும் நாளுக்கு 180 முதல் 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். 89 ஆகிவிட்டால் அந்த வழி மூடிவிடும், அப்புறம் சாதாரண வரிசைதான். லாகின் கையில் இருக்கும்போதே ராணுவத்தின் மருத்துவ இணையதளத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். ராணுவத்தின் புதிய மருத்துவப் பதிவுத் தளமான ஜெனிசிஸில் உங்கள் பழைய வருடங்கள் தெரியாமல் போகலாம்; அவற்றை முகாம் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நேரில் கேளுங்கள்.